பூஸ்ட் பாயின் இழுக்காத கார்

பெரம்பலூர், அரியலூர் இரண்டு மாவட்டத்தையும் சல்லடை போட்டுச் சலித்தாலும், தன் கார் இழுக்கவில்லை என்பதை பூஸ்ட் பாய் அளவுக்குச் சந்தோஷமாகச் சொல்லும் ஆள் கிடைக்க மாட்டார். நான் பெரம்பலூரில் கார் ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவன். வண்டி கெட்டுப்போனால் மனிதர்கள் முகத்தை எப்படி வைத்துக்கொள்வார்கள் என்பது எனக்கு அத்துப்படி. பாய் மட்டும் கல்யாண வீட்டுக்கு வருகிற மாதிரி வெள்ளைச் சட்டையும் அத்தருமாக வந்து இறங்கி, "தம்பி, மறுபடி போச்சு" என்பார்.

லப்பைக்குடிகாட்டுக்காரர். துபாயில் வேலை. லீவில் வந்தவர், பழைய டீசல் காரை விற்றுவிட்டு வருகிறேன் என்று முதலாளியிடம் சொல்லி லீவை நீட்டித்திருந்தார். கார் விற்ற மறுநாள் விமானம் ஏற வேண்டும். பார்க்க வருகிறவர்கள் என் கடைக்குத்தான் வருவார்கள்.

அந்தக் காரில் இரண்டு டர்போ. கிளம்பும்போது சின்னது காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் அனுப்பும். வேகம் எடுத்ததும் பெரியது கை கொடுக்கும். பூஸ்ட் என்கிற அந்த அழுத்தம் குறைந்தால் அவ்வளவுதான், திங்கட்கிழமை காலையில் ஆபீஸ் போகிறவன் மாதிரி வண்டி நகரும்.

முதல் நாள் கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்துவிட்டு, "பூஸ்ட் கம்மியா இருக்கு பாய்" என்றேன். பக்கத்து டீக்கடை மாஸ்டர் எட்டிப் பார்த்தார்.

"பாய்க்கா? பால்ல ரெண்டு ஸ்பூன் தூக்கலா போட்டுத் தரவாங்க?"

அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர்தான்.

சின்ன டர்போவிலிருந்து பெரியதுக்கு மாற்றிவிடும் ரப்பர் குழாய் ஒன்று கழன்றிருந்தது. மாட்டினேன். வண்டி பிய்த்துக்கொண்டு பறந்தது. பாய் முகத்தில்தான் களையே இல்லை.

"நல்லா பாத்தீங்களா தம்பி? வேற எதுவும் இருக்கப் போவுது."

"எல்லாம் பாத்தாச்சு பாய்."

"சோப்புத் தண்ணி ஊத்திப் பாத்தீங்களா, நுரை கட்டுதான்னு?"

ஊற்றிப் பார்த்தேன். அவரும் பார்த்தார். ஒவ்வொரு குழாயையும் வாயில் வைத்து நாகஸ்வரம் மாதிரி ஊதினார். பானட்டில் காதை வைத்துக் கேட்டார். சைலன்சருக்குப் பின்னால் உள்ளங்கையை நீட்டியபடி குத்துக்காலிட்டு உட்கார்ந்தே இருந்தார். ஒரு கோளாறும் இல்லை என்றதும் பெருமூச்சு விட்டார்.

மறுவாரம் உடையார்பாளையத்து முந்திரி வியாபாரி ஒருவர் வந்தார். ஓட்டிப் பார்க்க அரியலூர் ரோட்டில் போனார். முன்னால் ஒரு சுண்ணாம்புக்கல் லாரி. அதை முந்த முடியாமல் அரியலூர் வரைக்கும் அதன் பின்னாலேயே போய், புருவம் உட்பட வெள்ளையடித்துக்கொண்டு திரும்பினார்.

"ஏங்க, இதுக்கு எதுக்குங்க ரெண்டு டர்போ? ரெண்டு மாட்டைப் பூட்டியிருக்கலாம்ல."

எனக்கு மானம் போனது. பாயோ அவருக்கு டீ வாங்கிக் கொடுத்து, கைகுலுக்கி வழியனுப்பி வைத்தார்.

பார்த்தால் அதே குழாய் கழன்று தொங்கியது. எலி வேலை என்று முடிவுகட்டி, பூச்சி உருண்டை கட்டித் தொங்கவிட்டேன். கிளிப் போட்டு இறுக்கினேன். அடுத்து அரியலூரிலிருந்து ஒரு வாத்தியார் வந்தார். குழாய் கிளிப்போடு கழன்றிருந்தது. வாங்க ஆள் வராத நாட்களில் மட்டும் வண்டி ராஜாவாக ஓடியது. இந்த எலிக்கு யார் தகவல் சொல்கிறார்கள் என்று யோசித்தபடி குழாய் நுனியை மோந்து பார்த்தேன். டீசல் வாடையைத் தாண்டி அத்தர் மணத்தது. எங்கள் ஊர் எலி எதையும் தின்னும். அத்தர் பூசிக்கொண்டு வராது.

பாயைப் பார்த்தேன். பாய் தரையைப் பார்த்தார்.

"என் பாப்பாவுக்காகத்தான் தம்பி. அவ பொறந்தப்ப நான் துபாய்ல. போன்லதான் என்னைப் பாத்து வளந்தா. இப்ப நேர்ல வந்து நின்னா, ஓடிப்போயி அவ அம்மா போனை எடுத்து வச்சுக்கிட்டு அதைப் பாத்து 'அத்தா'ங்குறா. பெத்த அப்பன் என்னை மாமாங்குறா. ஒரு தடவை என் மூஞ்சியப் பாத்து 'அத்தா'ன்னு கூப்புட்டுட்டான்னா, நான் பாட்டுக்குப் போயிருவேன்."

நான் குழாயை மாட்டவில்லை. அதற்குப் பிறகு வந்தவர்களிடமெல்லாம், "என்ன கோளாறுன்னே புடிபடலைங்க" என்று நானே சொன்னேன். என் கடைப் பெயர் ரெட்டிபாளையம் வரைக்கும் நாறியது. ஒருவர் என்னிடம் விட்டிருந்த நல்ல காரைக்கூடக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போனார்.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்து பாய் குடும்பத்தோடு வந்தார். காரைவிட்டு இறங்கவில்லை. அம்மா மடியில் இருந்த குழந்தை அவர் சட்டையைப் பிடித்து இழுத்து, "அத்தா, போலாம்" என்றது. அவர் மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"மாட்டி விட்டுருங்க தம்பி," என்றார் பாய்.

"இன்னும் கொஞ்ச நாள் பாக்கலாமே பாய்."

"கூப்புட்டா போயிரலாம்னு நெனச்சேன். இப்பதான் தம்பி போவ முடியல. ஆனா விசா தேதி நமக்காக நிக்காதுல்ல."

மாட்டினேன். பழகிய வேலைதான், அன்றைக்கு அரைமணி நேரம் ஆனது. கார் அதே வாத்தியாருக்குப் போனது. அவர் இப்போது எல்லா லாரியையும் முந்துகிறார். என் கடைப் பெயரும் ஒருவழியாகத் தேறிவிட்டது.

பாய் அவ்வப்போது போன் செய்கிறார். பாப்பாவைப் பற்றிப் பேச மாட்டார். "ஏதாச்சும் வண்டி வந்திருக்கா தம்பி? என்ன கோளாறு?" என்பார். விலாவாரியாகச் சொல்வேன். அங்கிருந்தே சோப்புத் தண்ணீர் ஊற்றச் சொல்வார். அவர் இல்லாமல் எனக்குக் கடை வெறிச்சென்றுதான் இருக்கிறது. அடுத்த லீவுக்கு வந்து வேறு ஏதாவது பழைய கார் வாங்கட்டும். எந்தக் குழாயைக் கழற்றினாலும் இந்த முறை நான் கண்டுபிடிக்க மாட்டேன்.