உன் வாசலைத் தாண்டிப் போன இரட்டைச் சைக்கிள்

சேசு மரி சூசை துணை

காசிமேடு

அன்புள்ள என்று எழுதக் கை வராத தங்கச்சி செபமாலைக்கு, உன் அக்காள் சிலுவையம்மாள் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் மாமாவும் உயிரோடு இருக்கிறோம். நீ சௌக்கியமா என்று நான் கேட்கவில்லை; கேட்டால் பேசினதாக ஆகிவிடும். அம்மாவின் முப்பதாம் நாள் பூசை அன்று உன் வீட்டு நடையில் நின்று, "இனிமே உன்னாண்ட பேசினா நான் ஆத்தாளுக்குப் பொறந்தவ இல்ல" என்று சொன்னவள் நான். சொன்ன சொல்லில் நிற்கிறேன். பேச மாட்டேன் என்றுதான் சொன்னேன், எழுத மாட்டேன் என்று சொல்லவில்லை. எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். மூன்றாம் வகுப்போடு நான் பள்ளிக்கூடம் நின்றதற்குக் காரணமே உன்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிந்ததுதான். பேத்தி டெபோராவிடம் சொல்லி எழுதச் சொல்லியிருக்கலாம். அவள் என் கோபத்தையெல்லாம் திருத்தி அழகாக்கிவிடுவாள்.

அந்த முப்பதாம் நாளை நீ மறந்திருப்பாய். நான் மறக்கவில்லை. மூத்த மகளான என்னைச் சோற்று அண்டாவுக்குக் காவல் வைத்துவிட்டு, உன் நாத்தனார் வீட்டு ஆட்களை முதல் பந்தியில் உட்கார வைத்தாய். எனக்கு இலை போடும்போது கறி தீர்ந்துவிட்டது. நீ இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "அக்காவுக்கு இன்னா, ரசம் ஊத்துங்க, அது துன்னும்" என்றாய். அந்த ரசத்தில் புளிகூடச் சரியாக இல்லை. அதெல்லாம் இருக்கட்டும், இப்போது அதைப் பேச வரவில்லை.

போன வாரம் தரங்கம்பாடியில் உன் வாசலைத் தாண்டிச் சைக்கிளில் போனது நான்தான். தொப்பி போட்டிருந்தது நான், முன்னால் இருந்தது உன் மாமா. அது எப்படி நடந்தது என்பதை நீ அடுத்தவர் வாயால் கேட்கக் கூடாது. அவர்கள் கண் மூக்கு வைத்துச் சொல்லுவார்கள். நான் உள்ளதைச் சொல்கிறேன்.

எங்களுக்குக் கல்யாணமாகி ஐம்பது வருஷம் முடிந்தது. பெரியவன் மகள் டெபோரா கம்பெனியில் வேலை பார்க்கிறாள் அல்லவா, அவள் அதற்குப் பரிசு என்று செல்போனில் ஒரு பயணத்தைப் பதிவு செய்துவிட்டு வந்து நின்றாள். சுறுசுறுப்பான தம்பதிகள் மட்டும் போகிற பயணமாம். காலையில் நடை, பிறகு படகு, பிறகு சைக்கிள், நடுவில் இளநீர். "இன்னாடி, இதெல்லாம் சின்னஞ்சிறுசுங்க போறது" என்றேன். "தாத்தா தெனம் கடற்கரையில நடக்குது, நீ தெனம் மார்க்கெட்டாண்ட சண்ட போட்டுகினு கீற. உங்கள வுட்டா ஆக்டிவ் ஜோடி வேற யாரு ஆயா?" என்றாள். எந்த ஊர் என்று கேட்டேன். தரங்கம்பாடி என்றாள். கடற்கரையிலேயே பிறந்து வளர்ந்தவளுக்குக் கடல் பார்க்க இன்னொரு ஊர், அதுவும் உன் ஊர்!

வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்து உன் மாமாவின் முகத்தைப் பார்த்துவிட்டேன், அதுதான் தப்பு. ஹார்பரில் சரக்குத் தூக்குகிற வின்ச் ஓட்டிய மனுஷன். ராத்திரி ஷிப்ட், பகல் தூக்கம். நாங்கள் வெளியூர் போனதெல்லாம் சாவுக்கு, இல்லாவிட்டால் வேளாங்கண்ணிக்கு வேன் நிறைய ஜனத்தோடு. இரண்டே பேராக எங்கேயும் போனதில்லை. அந்த மனுஷன் செல்போனில் அந்தக் கடற்கரைப் படத்தைத் தொட்டுத் தொட்டுப் பெரிசாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். சரி போவோம், ஆனால் உனக்குத் தெரியாமல் போய்த் தெரியாமல் வந்துவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். கூடப் பிறந்தவள் இருக்கிற ஊருக்குப் போய் அவள் வீட்டுக்குப் போகாமல் திரும்பினால் நான்கு பேர் காறித் துப்புவார்கள். போனாலோ என் சத்தியம் போச்சு. தெரியாவிட்டால் இரண்டு பாவமும் இல்லை.

இப்படிக் கச்சிதமாகத் திட்டம் போட்டவள், பயணம் நல்லபடியாக முடிய ஒரு பூசைக் கருத்து கொடுத்து வைப்போம் என்று கோயிலுக்குப் போனேன். பூசை இல்லாமல் நான் ராயபுரம் தாண்டினது கிடையாது, உனக்கே தெரியும். உபதேசியாரிடம், "பேரும் வாணாம் ஊரும் வாணாம், ஆண்டவருக்கு மட்டும் தெரிஞ்சா போதும்" என்று சொல்லிச் சொல்லிக் கொடுத்தேன். அவரும் தலையை ஆட்டி ஆட்டி எழுதிக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை பூசையில் மைக்கைப் பிடித்து, "பெயரையும் ஊரையும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட சிலுவையம்மாள், சவரிமுத்து தம்பதியர் தரங்கம்பாடிக்குப் போகும் பயணம் இனிதே அமைய மன்றாடுவோம்" என்று வாசித்தார். கோயில் முழுக்க, "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றது. ஆண்டவர் கேட்டாரோ இல்லையோ, இங்கேயே வாக்கப்பட்டு எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த உன் நாத்தனார் கேட்டுவிட்டாள். நற்கருணை வாங்கிய வாயை மூடுவதற்குள் போனைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

அப்போதே நிறுத்தியிருக்கலாம். நான் என்ன செய்தேன், வேஷம் மாற்றினேன். டெபோரா ஓடப் போகும்போது போடுகிற பேண்ட்டும் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் வாங்கி வைத்துக்கொண்டேன். என்னைப் புடவை தவிர எதிலும் பார்த்தவர் யாரும் இல்லை, அதனால் கண்டுபிடிக்க முடியாது என்பது என் கணக்கு. உன் மாமா எண்ணூர் ரோட்டில் சைக்கிள் பழகினார். கண்டெய்னர் லாரிக்காரன் ஒருவன் தலையை வெளியே நீட்டி, "நைனா, வூட்ல சொல்லிட்டு வந்தியா? ஓரமா போ, இன்னும் பென்சன் வாங்கணும்ல" என்றானாம். இவர் அதையும் ஒரு பாராட்டு மாதிரி வந்து சொல்லிக்கொண்டிருந்தார்.

போனோம். காற்றில் மணலி எண்ணெய் ஆலை வாடை இல்லாமல் எனக்கு மூக்கே அடைத்த மாதிரி இருந்தது. அங்கே எங்களைக் கூட்டிக்கொண்டு போகிற ஆள் மொஹ்சின் என்று ஒருவர், நல்ல மனுஷன், பிள்ளைகுட்டிக்காரர். காலையில் முகத்துவாரத்துப் பக்கம் அமைதியான தண்ணீரில் பிளாஸ்டிக் படகில் எங்களை ஏற்றிவிட்டார். ஆளுக்கு ஒரு துடுப்பு. நான் வலது பக்கம் இழுக்க, அவர் இடது பக்கம் இழுக்க, படகு ஆட்டுக்கல் மாதிரி இருந்த இடத்திலேயே சுற்றியது. "பாட்டிம்மா, ரெண்டு பேரும் ஒத்துப் போடுங்க!" என்று கரையிலிருந்து மொஹ்சின் கத்துகிறார். "அம்பது வருஷமா ஒத்துப் போவாதவங்கள இவரு இப்ப சேத்துவைக்கப் போறாரு" என்று உன் மாமா சிரித்தார். செபமாலை, அந்த மனுஷன் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்து எவ்வளவு நாள் ஆயிற்று தெரியுமா? நானும் சிரித்துவிட்டேன். அந்தச் சிரிப்போடு ஊருக்குத் திரும்பியிருந்தால் இந்தக் கடிதமே வேண்டாம்.

அடுத்தது சைக்கிள். எனக்குத்தான் ஓட்டத் தெரியாதே என்றேன். அதற்காகவே இரண்டு பேர் ஏறுகிற ஒரே சைக்கிள் வைத்திருக்கிறார்கள். முன்னால் இருப்பவர் கையில் ஹேண்டில்பாரும் பிரேக்கும், பின்னால் இருப்பவருக்கு வெறும் பெடல். உன் தெருப் பக்கம் போகக் கூடாது என்று மொஹ்சினிடம் முதலிலேயே கறாராகச் சொல்லிவிட்டேன். அவரும் வேறு வழியில்தான் கூட்டிப் போனார். அந்த ரோட்டைக் குழாய் பதிக்கத் தோண்டிப் போட்டிருந்தார்கள். திரும்பினால் உன் தெரு.

நீ வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டிருந்தாய். உன் மாமா பார்த்துவிட்டார். "சிலுவை, செபமாலை உக்காந்துகினு கீது. நிறுத்தட்டா?" என்று மெதுவாகக் கேட்டார். "நிறுத்தின, நடந்துதான் ஊருக்குப் போவ" என்றேன். அந்த மனுஷன் பேச்சைக் கேட்கவில்லை, பிரேக்கைப் பிடித்தார். நான் விடவில்லை, இருந்த பலத்தையெல்லாம் சேர்த்து மிதித்தேன். அவர் பிடிக்க, நான் மிதிக்க, சைக்கிள் கீச்சுக் கீச்சென்று கத்திக்கொண்டு, நிற்கவும் இல்லாமல் ஓடவும் இல்லாமல், உன் வாசலை அப்படியே ஊர்ந்து கடந்தது. ஓடினாலாவது சீக்கிரம் மறைந்திருப்போம். நீ தலையைத் தூக்கிப் பார்த்தாய். நானும் கறுப்புக் கண்ணாடிக்குள்ளிருந்து பார்த்தேன். உனக்குத் தலை முழுக்க நரைத்துவிட்டது என்று யாரும் எனக்குச் சொல்லவே இல்லை. இத்தனை வருஷமும் நான் மனசுக்குள் சண்டை போட்டுக்கொண்டிருந்தது கறுப்பு முடிக்காரியோடு.

முனை திரும்பும்போது அந்த யோசனையில் மிதிப்பதை விட்டுவிட்டேன். அவரோ பிரேக்கை விடவில்லை. அங்கே யாரோ காய வைத்திருந்த கருவாட்டின் மேல் இரண்டு பேரும் சாய்ந்தோம். நெத்திலியாக இருந்ததால் எலும்பு முறியவில்லை. உன் தெருவிலிருந்து உன் குரல் கேட்டது: "யாரோ வெளியூரு கெயவனும் கெயவியும் வுயுந்துட்டாங்க போலக்கீது, போய்த் தூக்குங்கப்பா." நீ வரவில்லை. என்னை அடையாளம் தெரிந்துகொண்டுதான் வெளியூர்க் கிழவி என்றாய். அதுவும் எனக்கு ஞாபகம் இருக்கும்.

தங்கியிருந்த இடத்தில் முட்டிக்கு மருந்து போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். சாப்பாட்டு நேரத்துக்கு மொஹ்சின் ஒரு டிபன் கேரியரோடு வந்தார். "யாரு குடுத்தாங்கன்னு சொல்லக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க பாட்டிம்மா" என்றார். சொல்லவா வேண்டும்? மூடியைத் திறக்காமலே தெரிந்துவிட்டது. மடவை மீன் குழம்பு, மாங்காய் போட்டது. அம்மா வைக்கிற பக்குவம். நம் இரண்டு பேரைத் தவிர உலகத்தில் யாருக்கும் அந்த வாசனை வராது.

உன் மாமா கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டார். நான் கேரியரை மொஹ்சின் கையிலேயே திருப்பிக் கொடுத்தேன்.

"தொறந்தாச்சும் பாரேன், சிலுவை" என்றார் உன் மாமா.

"தொறந்தா துன்னுடுவ."

"துன்னா இன்னா இப்ப?"

"துன்னா சமாதானம் ஆயிடும்."

"ஆவட்டுமே!"

நான் கேட்கவில்லை. பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பக் கூடாது என்று அம்மா சொல்லுவாள். நான் நிறைய இருக்கும்போதே திருப்பினேன், அதில் என்ன குற்றம் என்று அப்போது எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்த மொஹ்சின் என் முகத்தைப் பார்க்காமல், "அவங்க ஒண்ணும் கோவப்படல. 'முள்ளெல்லாம் எடுத்ததுதான்னு நீங்க சொல்லியிருக்கலாமே' அப்படின்னு மட்டும் சொன்னாங்க" என்றார்.

மடவையில் எவ்வளவு முள் என்று மீன்காரி எனக்குத் தெரியாதா? உன் மாமாவுக்குப் பல் போய்விட்டது என்று உனக்கு யார் சொன்னார்கள்? உன் நாத்தனாரா? நீ வாசலில் உட்கார்ந்து ஆய்ந்துகொண்டிருந்தது அந்த மீன்தானா? நான் அதைப் பார்த்துக்கொண்டேதான் மிதித்தேனா?

மீதிப் பயணம் இருந்தது. கோட்டை பார்க்க வேண்டும், காலையில் சூரியனைப் பார்த்து நடக்க வேண்டும். ஒன்றுக்கும் உன் மாமா வரவில்லை. பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தவர் பாண்டிச்சேரி வந்த பிறகுதான் வாயைத் திறந்தார். "சூடாத்தான் இருந்திருக்கும்" என்றார். அதோடு சரி. வந்த நாளிலிருந்து நான் போட்டதைத் தின்கிறார், மீன் வைத்தால் மட்டும் ஒதுக்குகிறார். டெபோரா, "ட்ரிப்பு எப்படி ஆயா?" என்று கேட்கிறாள். ஐம்பது வருஷத்தில் அந்த மனுஷனோடு இரண்டே பேராகப் போன ஒரே பயணம். அதை நான் ஒரு கேரியரில் போட்டுத் திருப்பி அனுப்பிவிட்டேன் என்று அந்தப் பிள்ளையிடம் எப்படிச் சொல்லுவேன்?

நான் மன்னிப்புக் கேட்கிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே. முப்பதாம் நாளுக்கு நீ முதலில் கேள், பிறகு நான் யோசிக்கிறேன். குழம்பு சரியில்லை என்று திருப்பவில்லை, அதை மட்டும் தெரிந்துகொள். உன் வாசலை இனி மிதிக்க மாட்டேன். நீயும் என் வாசலுக்கு வர வேண்டாம். உன் வீட்டுக்காரருக்கு என் தோத்திரம் சொல். பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம். முட்டிவலிக்கு நீ இன்னும் அந்தப் பச்சைத் தைலமே தேய்க்கிறாய் என்று கேள்வி, அதை விட்டுவிட்டு நல்லெண்ணெயைச் சூடு பண்ணிப் போடு. மாதா உன்னைப் பார்த்துக்கொள்ளட்டும். என்னால் ஆகாது.

இப்படிக்கு,
உன்னோடு பேசாத அக்காள்
சிலுவையம்மாள்

பின்குறிப்பு: மேலே உள்ளதை நேற்று எழுதி மடித்து வைத்தேன். இன்று விடியற்காலையில் பால் வாங்கப் போகிறேன் என்று போன உன் மாமா மத்தியானம் வரை வரவில்லை. கோயில், ஹார்பர், டீக்கடை எல்லாம் தேடிவிட்டு, அழுவதா திட்டுவதா என்று உட்கார்ந்திருக்கும்போது போன் அடித்தது. உன் நம்பர். எடுத்துவிட்டேன். "சிலுவை, நான் துன்னுட்டேன்" என்றார். பின்னால், "அதுக்கும் எடுத்து வச்சிகீறேன்னு சொல்லு மாமா" என்று உன் குரல். நான் பதில் பேசவில்லை, அதனால் சத்தியம் அப்படியேதான் இருக்கிறது. ஆனால் அந்த மனுஷனைத் தனியாக எந்த ஊரிலும் விட முடியாது, ஆகவே நாளைக் காலைப் பஸ்ஸில் வருகிறேன். இவ்வளவு எழுதியதைக் கிழிக்க மனசு வரவில்லை, போட்டுவிட்டுத்தான் பஸ் ஏறுவேன். நான் அங்கே இருக்கும்போது தபால் வந்தால் பிரிக்காதே. நான் ஊருக்குத் திரும்பின பிறகு படி. அப்போது நாம் சண்டை போட ஏதாவது வேண்டும் அல்லவா.