குதிரையிலிருந்து விழுந்தவர்களுக்கெல்லாம் அழுத அக்கா

தலைமுழுக்கு அக்கா அளவுக்குச் சாவுக்கு அழுதவர்கள் சிங்கப்பூரில் யாரும் கிடையாது. இனி ஒருவர் பிறந்து வரப்போவதும் இல்லை. இத்தனைக்கும் அவர் அழுத பிணங்களில் ஒன்றுகூட நம் ஆள் இல்லை. எல்லாரும் தொப்பி போட்ட வெள்ளைக்காரர்கள், குண்டடி பட்டு குதிரையிலிருந்து தலைகுப்புற விழுந்தவர்கள். அவர்கள் பேசிய ஆங்கிலத்தில் பாதி அக்காவுக்குப் புரியாது. ஆனாலும் ஒவ்வொருவருக்கும் முறைப்படி அழுது, தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டுதான் அடுத்த வேலையைப் பார்த்தார்.

அறுபதுகளின் நடுவில் நாங்கள் தேக்காவில் ஒரு கடைவீட்டின் மாடியில் குடியிருந்தோம். கீழே மாவு மில். மேலே பலகைத் தடுப்பு வைத்த அறைகள், அறைக்கு ஒரு குடும்பம். எல்லாருக்கும் பொதுவாகப் பின்கட்டில் ஒரு குழாயும் ஒரு சிமெண்டுத் தொட்டியும் இருந்தன. எங்களுக்கு அடுத்த அறை அக்காவுடையது. ஒரு வெள்ளைக்காரத் துரை வீட்டில் ஆயா வேலை பார்த்தார். முப்பது வயதுகூட இருக்காது, புருஷன் இல்லை. சேகர் என்று ஒரே மகன், என் வயதுக்காரன். நாங்கள் இருவரும் அப்போது மூன்றாம் வகுப்பு.

துரை குடும்பம் சீமைக்கு மூட்டை கட்டியபோது, தங்கள் தொலைக்காட்சிப் பெட்டியை அக்காவுக்குக் கொடுத்துவிட்டுப் போனது. ரிக்‌ஷாவில் அதை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டு அவர் வந்து இறங்கியதைப் பார்க்கத் தெருவே கூடியது. அதுவரை டிவி பார்க்க வேண்டுமென்றால் சமூக மன்றத்தில் பெரியவர்களின் முதுகுக்குப் பின்னால் நின்று எம்ப வேண்டும். இப்போது படுத்துக்கொண்டே பார்க்கலாம். நாங்கள் படுத்தோம். பக்கத்துப் பிரம்புக் கடைக்காரரின் மகன் ஆ செங்கும் வந்து படுத்தான்.

டிவியில் தினமும் கௌபாய் படம். ஒரே வாரத்தில் பின்சந்து போர்க்களமாகிவிட்டது. மில்லுக்கு வந்த கோதுமை மூட்டைகள் எங்களுக்குக் குதிரைகள். விறகுக் கட்டைகள் துப்பாக்கிகள். சாக வேண்டியவன் எப்போதும் ஆ செங், ஏனென்றால் எங்களில் அவன்தான் அழகாக விழுவான். ஒருநாள் துப்பாக்கியால் சுட்டது போதாதென்று சேகர் அந்தக் கட்டையைத் திருப்பிப் பிடித்து ஆ செங்கின் நெற்றியில் ஒன்று வைத்தான். ஆ செங் விழுந்தான். நிஜமாகவே ரத்தம் வந்தது. செத்தவன் அசையக் கூடாது என்பது ஆட்டத்தின் விதி என்பதால் அவன் கண்ணில் ரத்தம் வழிய அப்படியே கிடந்தான். நாங்கள் சுற்றி நின்று பார்த்தோம். டிவியிலும் அப்படித்தானே நிற்பார்கள்.

புதிதாகச் சேர்ந்த வீட்டில் வேலை முடிந்து வந்த அக்கா கண்டது இதைத்தான். மகன் கட்டையின் நுனியில் இல்லாத புகையை ஊதிக்கொண்டு நிற்கிறான், நாங்கள் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறோம். அக்கா யாரையும் திட்டவில்லை. ஆ செங்கைத் தூக்கிக்கொண்டு மருந்துக் கடைக்கு ஓடினார். திரும்பி வந்தபோது அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

அதற்கான காரணத்தை அம்மா எனக்கு அன்றே சொன்னார். அக்காவின் புருஷன் தஞ்சோங் பகாரில் துறைமுக வேலை பார்த்தவர். ஒருநாள் துறைமுக வாசலில் இரண்டு பேர் அடித்துக்கொண்டார்கள். இவர் விலக்கிவிடப் போனார், அடி இவர் தலையில் விழுந்தது. பெரிய கூட்டம் நின்றதாம், எல்லாரும் பார்த்தார்களாம். செய்தி சொல்ல வந்தவரிடம் அக்கா கேட்ட ஒரே கேள்வி, "அத்தனை பேரு நின்னீங்களே, கூட ஒரு ஆளு போகலையா?" என்பதுதான். சேகருக்கு அப்போது நடக்கக்கூடத் தெரியாது.

மறுநாள் டிவி போட்டபோது அக்கா எங்களோடு உட்கார்ந்தார். படம் ஆரம்பித்தது. முதல் ஆள் குதிரையிலிருந்து விழுந்ததும் எழுந்துபோய் டிவியை அணைத்தார். "வீட்ல சாவு விழுந்திருக்கு. எல்லாரும் போய்த் தலைக்கு ஊத்திட்டு வாங்க" என்றார். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. வரிசையாகத் தொட்டிக்கு ஓட்டிப்போய் எங்கள் தலையில் வாளி வாளியாக ஊற்றினார். அதன்பிறகுதான் டிவிக்கு உயிர் வந்தது. தலை துவட்டுவதற்குள் இரண்டாமவன் விழுந்தான். மறுபடி தொட்டி.

ஈரத்தலையோடு வீட்டுக்குப் போன ஆ செங்கைப் பார்த்து அவன் அம்மா பதறி ஓடிவந்தார். "சியாப்பா மாத்தி?" என்று சந்தையில் பேசும் பசார் மலாயில் கேட்டார், யார் செத்தது என்று. அக்கா டிவியைக் கைகாட்டினார். அந்த அம்மாள் டிவியைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், திரும்பிப் போனார். எதற்கு வம்பு என்று நினைத்தாரோ என்னவோ, மறுநாள் வந்து டிவியின் தலைமேல் ஊதுபத்தி கொளுத்தி வைத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

என் அப்பா ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி, படித்தவர். இந்தக் கூத்தைப் பொறுக்க முடியாமல் ஒருநாள் அக்காவுக்கு விளக்கம் சொன்னார். அவர்கள் நடிகர்கள், யாரும் சாகவில்லை, படம் பிடித்து முடிந்ததும் எழுந்துபோய்க் காப்பி குடிப்பார்கள் என்றார்.

"அது எனக்குத் தெரியாதாண்ணே? எந்திரிச்சுக் காப்பி குடிக்கிறதையும் காட்டச் சொல்லுங்க, நான் விட்டுர்றேன். பிள்ளைங்க பாக்குறது விழுற வரைக்கும்தானே."

குழந்தைகளும் தொலைக்காட்சியும் என்று பெரியவர்கள் கூடிப் பேசும் கூட்டங்களுக்கு நானும் போயிருக்கிறேன். அடிதடியைப் பார்த்தால் பிள்ளை அடிக்கப் பழகும் என்கிறார்கள். பார்த்துக்கொண்டு நிற்கப் பழகும் என்று கவலைப்பட்டவரை அக்காவைத் தவிர நான் கண்டதில்லை.

ஆனால் அக்காவின் திட்டம் ஆரம்பத்தில் மண்ணைக் கவ்வியது என்பதையும் சொல்லிவிட வேண்டும். சிங்கப்பூர் வெயிலில் தலையில் தண்ணீர் ஊற்றினால் எந்தப் பிள்ளைக்குக் கசக்கும்? நாங்கள் துண்டோடு டிவி பார்க்க வந்தோம். யாராவது சாக மாட்டானா என்று தவமிருந்தோம். விழுந்ததும் கைதட்டிக்கொண்டு தொட்டிக்குப் பாய்ந்தோம். தெருவில் இல்லாத பிள்ளைகளெல்லாம் வந்து சேர்ந்தார்கள்.

அக்கா சளைக்கவில்லை. படம் முடிந்ததும் அடுப்பைப் பற்றவைத்து, வாழைப்பழத்தை மாவில் தோய்த்து எங்களுக்கு பீசாங் கோரேங் பொரித்துத் தருவது அவர் வழக்கம். பாதிப் பேர் வந்ததே அதற்குத்தான். சாவு விழுந்த வீட்டில் அடுப்பு எரியக் கூடாது என்று ஒருநாள் அறிவித்துவிட்டார். ஒருவன் செத்தாலும் அன்றைக்கு பீசாங் கோரேங் கிடையாது.

அதன்பிறகு எங்கள் டிவி அறையைப் பார்த்திருக்க வேண்டும். எவனாவது துப்பாக்கியை எடுத்தாலே கூச்சல்தான். சேகர் பெட்டியின் முன்னால் மண்டியிட்டு, "வேணாம் லா, பேசித் தீத்துக்கங்க லா" என்று கெஞ்சுவான். ஆ செங் "ஜாங்கான், ஜாங்கான்" என்று கையெடுத்துக் கும்பிடுவான். மலாயில் வேண்டாம் என்று சொன்னால் வெள்ளைக்காரன் கேட்பான் என்று அவனுக்கு ஒரு நம்பிக்கை. அவர்கள் கேட்கவில்லை. தினமும் சுட்டார்கள். நாங்கள் பசியோடு உட்கார்ந்து நிஜமாகவே அழுதோம்.

சும்மா அழவும் அக்கா விடமாட்டார். விழுந்தவன் யார், எந்த ஊர், அவனுக்கு யார் இருக்கிறார்கள் என்று கேட்பார். தெரியாது என்றால் யோசித்துச் சொல்ல வேண்டும். மீசைக்காரனுக்கு மூன்று பெண் பிள்ளைகள் என்று நான் சொன்னேன். ஒல்லியானவனின் தங்கச்சிக்கு அடுத்த மாதம் கல்யாணம் என்றான் சேகர். குதிரைக்கு யார் இனிமேல் புல் போடுவார்கள் என்று ஆ செங் கேட்டான். அதைக் கேட்டு அக்காவே கண்ணைத் துடைத்துக்கொண்டார். பின்சந்தில் கோதுமை மூட்டைகள் மறுபடி வெறும் மூட்டைகளாயின. சாகப் போகிறவனுக்கு இத்தனை சொந்தக்காரர்களைத் தேடிக் கொடுக்க வேண்டியிருந்தால் ஆட்டம் எங்கே ஓடும்?

தெருவில் எல்லாரும் அவரைக் கேலி செய்தார்கள். தலைமுழுக்கு அக்கா என்ற பெயர் அப்படி வந்ததுதான். கிறுக்கு என்று முகத்துக்கு நேரே சொன்னவர்களும் உண்டு. அக்காவுக்கு அதெல்லாம் உறைக்கவில்லை. அம்மாவிடம் ஒரேயொரு முறை சொன்னார், "என் மவன் அந்தக் கூட்டத்துல ஒருத்தனா நிக்கக் கூடாதுக்கா. எனக்கு அது போதும்."

அந்த வருடம் பள்ளி விடுமுறையில் ஒரு சாயங்காலம், மில்லுக்கு மூட்டை இறக்க வந்த இரண்டு லாரி ஆட்களுக்குள் பின்சந்தில் தகராறு முற்றியது. பேச்சு தள்ளுமுள்ளாகி, ஒருவர் மூட்டை தூக்கும் இரும்புக் கொக்கியைக் கையில் எடுத்துவிட்டார். நிமிடத்தில் பெரிய வட்டம் கூடியது. கடை ஆட்கள், மில் ஆட்கள், போகிறவர் வருகிறவர் எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். ஒருவர் பீடிகூடப் பற்றவைத்தார்.

சேகர் அந்த வட்டத்துக்குள் புகுந்தான். நானும் ஆ செங்கும் பின்னால் போனோம். அவன் ஒவ்வொருவர் சட்டையாகப் பிடித்து இழுத்து, நிறுத்தச் சொல்லுங்க மாமா என்று கெஞ்சினான். போடா அந்தப் பக்கம் என்று தள்ளினார்கள். கேட்டுக் கேட்டுப் பார்த்துவிட்டு, சண்டை போடுகிற இரண்டு பேருக்கும் பக்கத்திலேயே போய் மண்ணில் உட்கார்ந்தான். உட்கார்ந்து ஓவென்று அழ ஆரம்பித்தான். எங்களுக்குத்தான் நல்ல பழக்கமாயிற்றே, நாங்களும் உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டு அழுதோம். "இவருக்குத் தங்கச்சி இருக்கே, யாரு கல்யாணம் பண்ணி வைப்பா" என்று சேகர் ராகம் போட்டான்.

கொக்கி வைத்திருந்தவர் மூச்சு வாங்கத் திரும்பினார். "யாருக்குடா அழுவுறீங்க?"

"உங்களுக்குத்தான் மாமா. ரெண்டு பேருல ஒருத்தர் இப்ப செத்துருவீங்கல்ல."

அவர் கொக்கியைப் பார்த்தார், எதிரே நின்றவரைப் பார்த்தார். பிறகு மெதுவாக, "எனக்குத் தங்கச்சி இருக்குன்னு யார்றா உனக்குச் சொன்னது?" என்று கேட்டார். கையிலிருந்த கொக்கி தாழ்ந்தது. கூட்டத்துக்கு அப்போதுதான் வெட்கம் வந்தது. பீடிக்காரர் பீடியைப் போட்டுவிட்டு வந்து கொக்கியை வாங்கிக்கொண்டார். நாலு பேர் நடுவில் புகுந்து இருவரையும் பிரித்தார்கள்.

கூட்டம் விலகியபோது சந்து முனையில் அக்கா நின்றார். பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தவர், கையில் பை அப்படியே இருந்தது. சேகர் நடுவில் போய் உட்கார்ந்ததிலிருந்து எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார், கால் எழவில்லை. புருஷன் எப்படிச் செத்தார் என்பது அவரைவிட யாருக்குத் தெரியும்? இப்போது ஓடிவந்தார். வந்த வேகத்தில் சேகரின் கன்னத்தில் பளாரென்று ஒரு அறை விட்டார். அக்கா கைநீட்டி நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

"உன்னைய யாருடா உள்ள போகச் சொன்னா?"

சேகர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டான். "நீதானேம்மா" என்றான்.

அக்கா அந்த இடத்திலேயே, அத்தனை பேர் பார்க்க, மண்ணில் உட்கார்ந்து அவனை இழுத்து மடியில் போட்டுக்கொண்டார். அடித்த கன்னத்தைத் தடவித் தடவி அழுதார். ஊர் பேர் தெரியாதவர்களுக்கெல்லாம் அழுதபோது அவர் குரல் தெருமுனை வரைக்கும் கேட்கும். இந்த அழுகையில் சத்தமே இல்லை. என்னை வீட்டில் யாரும் அடித்ததில்லை, எனக்கு எந்தக் குறையும் கிடையாது. ஆனாலும் சேகர் வாங்கிய அந்த அறை எனக்கு விழுந்திருக்கக் கூடாதா என்று அன்றைக்கு அவ்வளவு ஏக்கமாக இருந்தது.