நாற்காலிக்கு வந்த காமாலை

வெள்ளிக்கிழமை வந்தால் மலேசியாவில் கோப்பெங் பக்கத்துச் சேவல்களுக்குக் கெட்ட நேரம்.

விடிந்ததிலிருந்து சனங்கள் வந்துகொண்டே இருப்பார்கள். ஈப்போவிலிருந்து பஸ்ஸில், பக்கத்துத் தோட்டங்களிலிருந்து சைக்கிளில், சிலர் லாரியில் நின்றுகொண்டே. ஆளுக்கொரு சேவல், கால் கட்டித் தலைகீழாகத் தொங்கும். திரும்பிப் போகும்போது சேவல் இருக்காது. காமாலையும் இருக்காது என்று நம்பிக்கை. சேவல் போனது மட்டும் நிச்சயம்.

அங்கே ஒரு ரப்பர் தோட்டத்தின் கடைசி லயத்தில், கூலிக்காரர் வீட்டு வரிசையில்தான் காமாலைச் சாமி குடியிருந்தார். 1974ஆம் வருஷம் அவர் சாமி. அதற்கு இரண்டு வருஷம் முன்னால் வெறும் பிச்சைமுத்து, கோப்பெங் சந்தையில் வெற்றிலை பாக்கு விற்றவர். கனவில் அம்மன் வந்து, “வெற்றிலை விற்றது போதும்” என்றாளாம். சுண்ணாம்பைப் பற்றி அம்மன் வாயைத் திறக்கவில்லை போலிருக்கிறது. டின்னோடு கொண்டு வந்துவிட்டார்.

வைத்தியம் ரொம்பச் சுலபம். நோயாளியின் கையில் சாமி மந்திரத் தைலம் தடவுவார். பீங்கான் தட்டில் சுண்ணாம்புத் தண்ணீர் வைத்துக் கழுவுவார். தண்ணீர் மஞ்சளாக ஓடும். காமாலை இறங்குகிறது! இரண்டாம் வெள்ளி கொஞ்சம் வெளிறிய மஞ்சள். மூன்றாம் வெள்ளி வெறும் வெள்ளை. குணம். மூன்று வெள்ளிக்கு மூன்று சேவல்.

“என் மவன் கையில மொத வாரம் கொட்டுச்சு பாரு, அப்படியே மஞ்சத் தண்ணிலா!” என்பாள் கருப்பம்மாள், வருகிறவர்களிடமெல்லாம். “மூணாவது வாரம் பாலு மாதிரி ஆயிருச்சு. மறுநாளே பயல் ரெண்டு தட்டுச் சோறு தின்னான்!”

முக்கால்வாசிக் காமாலை, சும்மா படுத்திருந்தாலே மூன்று வாரத்தில் போய்விடும். இதைச் சொன்னால் யார் கேட்பார்கள்? சும்மா படுத்திருக்கச் சொல்பவனுக்கு யார் சேவல் கொடுப்பார்கள்?

அந்த வெள்ளிக்கிழமை ஜெயபாலன் தன் மனைவி நவமணியைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தான். அவளுக்கு எட்டாம் மாசம். இது மூன்றாவது கழுவல். போன வாரத்துத் தண்ணீர் வெளிறிவிட்டது என்று அவனுக்கு ஏக சந்தோஷம். நவமணியோ நிற்க முடியாமல் சுவரில் சாய்ந்திருந்தாள். தண்ணீர் வெளுக்க வெளுக்க அவள் கண் மட்டும் மஞ்சளாகிக்கொண்டே போனதை ஒருத்தரும் பார்க்கவில்லை. எல்லாரும் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தால் கண்ணை யார் பார்ப்பது?

பார்க்க ஒருத்தி வந்தாள். டாக்டர் புனிதவதி. ஈப்போ ஆஸ்பத்திரியில் வேலை, பூர்வீகம் யாழ்ப்பாணம். அந்தத் தோட்டத்திலிருந்து மட்டும் இத்தனை காமாலை ஏன் வருகிறது என்று பார்க்க ஆம்புலன்ஸில் ஏறி வந்தவள், நவமணியின் இமையை இழுத்துப் பார்த்ததும் மற்றதை எல்லாம் மறந்துவிட்டாள்.

“தம்பி, இவவை இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேணும். பிள்ளைத்தாச்சிக்கு இந்தக் காமாலை பொல்லாதது. தாயும் போகும், பிள்ளையும் போகும்.”

“டாக்டரம்மா, இது கடைசிக் கழுவு. முடிச்சிட்டு வாரேன்.” ஜெயபாலன் சேவலை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். “பாதியில நிறுத்துனா காமாலை மூளைக்கு ஏறிடும்னு சாமி சொல்லியிருக்காரு.”

சாமி புன்னகைத்தார். “ஊசி போடுறவங்களுக்கு அம்மன் விவகாரம் புரியாது.”

புனிதவதி கோபப்படவில்லை. சாமி வீட்டுக் கொல்லையை எட்டிப் பார்த்தாள். அங்கே ஒரு மாமரம். இடுப்பளவுக்குப் பட்டை உரிந்து, துணியில்லாமல் நிற்கிற மாதிரி நின்றது.

“சரி சாமி. எனக்கும் படிக்க ஆசை. காமாலை இல்லாத ஒருத்தருக்குக் கழுவிக் காட்டுங்கோ, பார்ப்பம்.”

மண்டோர் மாயாண்டி மீசையை முறுக்கிக்கொண்டு முன்னால் வந்தார். தோட்டத்தில் வேலையாட்களை மேய்க்கிறவர். தும்மல்கூட வராத உடம்பு. கூட்டத்துக்கு முன்னால் சாமி மறுக்க முடியுமா? தடவினார். கழுவினார். தண்ணீர் மஞ்சள்!

“பாத்தீங்களா?” என்றார் சாமி, கண் சிமிட்டாமல். “மண்டோருக்கு உள்ளுக்குள்ள மறைஞ்சிருக்கு. அடுத்த மாசம் வெளிய வரும்.”

மாயாண்டியின் மீசை தானாக இறங்கியது. “ஐயோ, எனக்கா? அதான் காலையில தலை சுத்துச்சோ!” பக்கத்திலிருந்தவர்கள் இரண்டடி நகர்ந்து நின்றார்கள்.

“அப்ப இதுக்கும் ஒருக்கா பாருங்கோ” என்று, தனக்குப் போட்டிருந்த மர நாற்காலியை இழுத்துப் போட்டாள் டாக்டர்.

“நாற்காலிக்கா? அம்மனோட விளையாடாதீங்க!”

“சாமி, செய்ங்க!” மாயாண்டிக்குப் பொறுக்கவில்லை. “எனக்குத் தெரிஞ்சாகணும்லா!” அவரே தைலப் புட்டியைப் பிடுங்கி நாற்காலிக் காலில் தடவினார். தட்டுக்கு மேலே தூக்கிப் பிடித்துச் சுண்ணாம்புத் தண்ணீரை ஊற்றினார்.

மஞ்சள். நல்ல கொழுத்த மஞ்சள்.

கூட்டம் முழுக்கத் தட்டுக்கு மேல் குனிந்து பார்த்தது. பிறகு கூட்டத்தில் யாரோ, “அண்ணே, நாற்காலிக்கும் மறைஞ்சிருக்குமோ?” என்றதும் சிரிப்பு வெடித்தது.

புனிதவதி சிரிக்கவில்லை. இன்னொரு தட்டைக் கழுவி எடுத்தாள். நவமணியின் கையைச் சோப்புப் போட்டுச் சுத்தம் செய்தாள். தைலம் இல்லாமல் அதே சுண்ணாம்புத் தண்ணீரை ஊற்றினாள். தண்ணீர் வெள்ளையாகவே கிடந்தது.

“தம்பி, இப்ப நீங்களே சொல்லுங்கோ. நாற்காலிக்குக் காமாலையாம். உங்கட மனிசிக்கு ஒண்டும் இல்லையாம். அவவின்ர கண்ணைப் பார்த்திட்டுச் சொல்லுங்கோ. அந்தத் தைலம் மாம்பட்டைச் சாறு, அதில சுண்ணாம்பு பட்டா மஞ்சள் வரும். முதல் வாரம் சாறு அதிகம், மூண்டாம் வாரம் சாறே இல்லை. அவ்வளவுதான் மந்திரம்.”

மூன்று வாரத்தில் முதல் தடவையாக ஜெயபாலன் மனைவியின் கண்ணைப் பார்த்தான்.

“ஏங்க,” என்றாள் நவமணி மெல்லிய குரலில், “என்னால முடியலங்க.”

அவளை அப்படியே தூக்கிக்கொண்டு ஆம்புலன்ஸுக்கு ஓடினான். பதற்றத்தில் சேவலும் கூடவே ஏறிவிட்டது. ஈப்போ வார்டில் நர்ஸ், “இது யாரு, நோயாளியோட சொந்தமா?” என்று கேட்டாளாம். பதினோரு நாள் போராட்டம். நவமணி பிழைத்தாள். பெண் குழந்தையும் பிழைத்தது. சேவலும்தான்.

சாமி அன்று மத்தியானமே காணாமல் போனார். கருப்பம்மாள் மட்டும், “இருந்தாலும் என் மவனுக்கு...” என்று ஒரு மாசம் இழுத்துக்கொண்டிருந்தாள்.

டாக்டர் மறுவாரமே திரும்பி வந்து ஆற்றோரம் நடந்தாள். குடிக்கத் தண்ணீர் மொள்ளும் இடத்துக்கு மேலே, அதே ஆற்றில்தான் கக்கூஸ் சாக்கடை விழுந்தது. காமாலை எங்கிருந்து வருகிறது என்று சாமியும் கேட்டதில்லை, சனமும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் சேவல் மிஞ்சியிருக்கும்.

ஆஸ்பத்திரிக்குத் திரும்பியதும், “வார்டில ஒருத்தியைக் காப்பாத்திறன். அந்த ஆத்துத் தண்ணி வாரத்துக்குப் பத்துப் பேரை அனுப்புது. நான் ஊசியோட இங்க இருந்து என்ன பிரயோசனம்?” என்று சொல்லிவிட்டு, வெள்ளைக் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். கோலாலம்பூருக்குப் போய்க் கோப்புகளோடு மல்லுக்கு நின்றாள். இரண்டு வருஷத்தில் அந்தத் தோட்டத்துக்குக் குழாய் வந்தது. பிறகு இன்னும் பல தோட்டங்களுக்கு. எண்பதுகளில் நாட்டுப்புறச் சுகாதாரத் திட்டமே அவள் கையில்.

ஒரு நாள் கோட்டும் டையுமாக ஒருவர் அவள் அறைக்கு வந்தார். தொட்டியில் போட்டால் கிருமியெல்லாம் சாகுமாம், ஒரு காந்தக் கல். ஏழு நாட்டுச் சான்றிதழ். புனிதவதி மூலையைக் காட்டினாள். அங்கே காலில் மஞ்சள் கறையோடு ஒரு மர நாற்காலி.

“ரெண்டு தொட்டி வையுங்கோ. ஒண்டில உங்கட கல்லு. மற்றதில ஆத்தங்கரைக் கூழாங்கல்லு. வேற ஒருத்தர் போடட்டும். எதில எது எண்டு எனக்கும் தெரியக் கூடாது, உங்களுக்கும் தெரியக் கூடாது. கிருமியை எண்ணிப் பார்ப்பம்.”

கோட்டுக்காரர் மறுபடி வரவில்லை. பிச்சைமுத்து இப்போது தைப்பிங்கில் இருக்கிறாராம். கண்ணேறு கழிக்கிறாராம். மழையிலும் வரிசை நிற்கிறதாம், முன்னால் மாயாண்டி.

நாற்காலி ஏமாந்தது ஒரே ஒரு தடவை. அதற்கோ மூளை கிடையாது. நமக்கு இருக்கிறதே, அதை எந்த வெள்ளிக்கிழமைக்காகக் கட்டி வைத்திருக்கிறோம்?