தலையில்லாத பிரபுவும் நாற்காலிக்குப் பின்னால் நானும்

கெரெச் மாளிகை, சோல்நோக் அருகே
1867 செப்டம்பர் 3

என் பிரியமுள்ள அக்கா தெர்காவுக்கு, தங்கை போர்பாலா தாழ்மையுடன் எழுதிக்கொள்வது. தேவமாதா தயவில் நான் சுகம். நீயும் அத்தானும் உங்கள் பதினோரு வாத்துகளும் சுகமாயிருக்க மன்றாடுகிறேன்.

இத்துடன் வைத்திருக்கும் படத்தைக் கை துடைத்துவிட்டு எடு. படிக்கட்டின் நடுவில் தலையில்லாமல் உட்கார்ந்திருப்பவர் எங்கள் பிரபு. அவருக்குப் பின்னால் ராணி மாதிரி நிற்பது நான்தான். நடந்தது என்னவென்றால், பிரபு இந்த வருஷம் ஜில்லா சபைக்கு நிற்கிறார், தமக்கு எத்தனை வேலையாட்கள் என்று எல்லாப் பெரிய வீடுகளுக்கும் தெரியட்டுமென்று பெஸ்த் நகரத்திலிருந்து படக்காரரை வரவழைத்து, எங்கள் இருபத்திரண்டு பேரையும் படிக்கட்டில் அடுக்கி, தாம் நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். "பத்து எண்ணுற வரைக்கும் யாரும் அசையக்கூடாது" என்று சொல்லிப் படக்காரர் தலை ஆடாமல் பிடித்து நிறுத்தும் ஓர் இரும்புக் கவ்வியைப் பிரபுவின் பிடரிக்குக் கொண்டுவர, "யோவ், என் கழுத்துலயா மாட்டப் பாக்குற? ஆடுறதெல்லாம் இந்தக் கழுதைங்கதான், அதுங்களுக்கு மாட்டு!" என்று பிரபு சீறினார். கவ்வி ஒன்று, கழுதைகள் இருபத்திரண்டு; யாருக்கும் மாட்டவில்லை. படக்காரர் படப்பெட்டியின் மூடியைத் திறந்து மூன்று எண்ணியிருப்பார், பிரபுவுக்கு எங்கள்மேல் சந்தேகம் வந்துவிட்டது. இந்தப் பக்கம் திரும்பி "ஆடாதீங்கடா!" என்கிறார், அந்தப் பக்கம் திரும்பி "எவடி அவ, மூச்சு விடுறது?" என்கிறார், பத்து முடியும்வரை ஓயவில்லை. படத்தில் அவர் தலை இருந்த இடத்தில் புகை மாதிரி ஒரு கலங்கல்தான் விழுந்தது. நாங்கள் அசைவோமா? பதினான்கு வருஷமாய் அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை சூப் பாத்திரத்தோடு நின்றவளுக்குப் பத்து எண்ணிக்கை எம்மாத்திரம்!

பிரபு முன்பே சொல்லியிருந்தபடி படக்காரர் பெஸ்த்திலிருந்தே நாற்பது பிரதிகளை நேராகப் பெரிய வீடுகளுக்குத் தபாலில் அனுப்பிவிட்டார். தலையில்லாத படத்தை ஏன் அனுப்பினாய் என்று கேட்டதற்கு, "இருபத்திரண்டு மூஞ்சி நல்லா விழுந்திருக்கு, ஒண்ணுதானே போச்சு" என்றாராம். ஜில்லா நீதிபதியின் மனைவி பதில் எழுதினாள்: "நாற்காலிக்குப் பின்னால் நிற்கும் சீமாட்டி எந்த வம்சம்?" பிரபு அதைச் சாப்பாட்டு மேஜையில் வாசித்து, முட்கரண்டியை வைத்துவிட்டு, முதன்முறையாகத் திரும்பி என் முகத்தைப் பார்த்தார். "உன் பேரென்ன?" என்றார். சொன்னேன் அக்கா, அப்பா பேரையும் சேர்த்தே சொன்னேன்.

எனக்கு இங்கே ஒரு குறையுமில்லை. சாகும்வரை இந்த மாளிகைதான் என்று ஊரில் கேட்பவர்களிடம் சொல். அத்தானுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு முத்தம். தேவமாதா உங்கள் அடுப்பை அணையாமல் காக்கட்டும்.

உன் தங்கை,
போர்பாலா

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் படக்காரர் மறுபடி வந்துவிட்டார். இந்தத் தடவை பிரபு கழுத்தில் கவ்வி. எங்களுக்கு உத்தரவு: "எண்ணி முடிக்கிற வரைக்கும் எல்லாரும் தலைய ஆட்டிக்கிட்டே இருக்கணும்!" இருபத்தொரு பேர் ஆட்டினார்கள். ஞாயிற்றுக்கிழமை பெட்டியோடு வருகிறேன், ஒரு கட்டில் ஒழித்து வை.