பிரேமலா பாசியை வென்ற ஞாயிற்றுக்கிழமை

கோத்தா திங்கித் தாமான் குடியிருப்பின் மூலை வீட்டை ஆள்பவளும், தொழிற்சாலையில் நாற்பது பேரை ஒற்றைப் புருவத்தால் அடக்குபவளுமாகிய பிரேமலா வாழ்க. அவள் ஏந்திய, நீரை விசையோடு பீய்ச்சித் தரை கழுவும் வாட்டர் ஜெட் வாழ்க. அதற்குத் தண்ணீர் ஈந்த குழாயும் வாழ்க.

அவளுக்குப் பகையாய் வாய்த்தது பாசி. மாதக்கணக்கில் பெய்த மழையைத் துணைப்படையாகத் திரட்டி, கார் நிறுத்தும் போர்ச்சின் டைல்ஸ் தரையெங்கும் கரும்பச்சைக் கொடி நாட்டிய அக்கொடும்பகை, சென்ற முறை வந்த நாத்தனார் கஸ்தூரியை வாசலிலேயே மல்லாக்கச் சாய்த்தது. அன்றுமுதல் கஸ்தூரி போன கல்யாணங்களில் எல்லாம் அந்த வீழ்ச்சியின் வரலாறே முதல் பந்தியில் பரிமாறப்பட்டது. இன்று பதினொரு மணிக்கு அவள் மெர்சிங்கிலிருந்து மறுபடியும் வருகிறாள்.

ஒன்பது மணிக்கு, சுருட்டிவிட்ட காற்சட்டையே கவசமாக, ரப்பர் பூட்ஸே வீரக்கழலாகப் பிரேமலா களம் புகுந்தாள். கணவன் மனோகரன் கதவோரம் நின்று எச்சரித்தான்.

“பாத்து லா. கல்லையே பேத்துரும் அது.”

“நீங்க உள்ள போய் கதவ சாத்துங்க.”

விசையை அழுத்தினாள். கட்டறுத்த இளங்களிறெனத் துள்ளிய முனை, முதல் வீச்சில் பூந்தொட்டியொன்றைக் கவிழ்த்து, இரண்டாம் வீச்சில் மனோகரனின் சட்டையை நனைத்தது. அவன் கதவைச் சாத்திக்கொண்டான். மூன்றாம் வீச்சில், முகில் கிழித்த இளஞாயிறென ஒரு சாண் செந்நிறத் தரை தோன்ற, அவள் நெஞ்சு பூரித்தது. மறுகணமே மீதித் தரை எத்தனை அழுக்கென்பதும் தெரிந்துபோயிற்று. இப்படியே விட்டால் கஸ்தூரிக்கு இன்னொரு கதை கிடைத்துவிடும். இனிப் பின்வாங்க வழியில்லை.

சாண் சாணாக முன்னேறினாள். முதுகு நொந்தது, சேறு தெறித்துத் தெறித்துக் கூந்தல்வரை ஏறியது, இருப்பினும் பத்தரை மணிக்கு, வடிகாலோரம் கடைசி அரண் அமைத்திருந்த பாசியும் நிலைகுலைந்து கால்வாயில் ஓடி ஒளிந்தது. இயந்திரத்தை ஸ்டோர் அறையில் வைத்து, அவசரமாகக் குளித்து, சுடிதார் மாற்றி வாசலுக்கு வந்தாள்.

கார் வந்து நின்றது. கஸ்தூரி கதவைப் பற்றியபடி ஒரு காலை ஊன்றினாள், அழுத்திப் பார்த்தாள், மறு காலையும் வைத்தாள். வழுக்கவில்லை. தரையை நெடுநேரம் உற்று நோக்கினாள்.

“டைல்ஸ் மாத்தியாச்சா பிரேமலா? சொல்லவே இல்ல லா.”

ஒன்றரை மணி நேரப் பெரும்போரும், சாய்ந்த பகையும், முரசறையக் காத்திருந்த வெற்றியும் பிரேமலாவின் நாநுனிவரை வந்து நின்றன.

ஆமாம் என்று சொல்லிவிட்டு டீ போடப் போனாள்.