இரண்டு ஏரி உள்ள ஊர்

தரையில் இரண்டு ஏரி இருந்தது. ஊரில் ஒன்றுதான்.

"யக்கா, இது என்ன?" என்றாள் ஏஞ்சல்.

"மேக்கால நீலமா இருக்குது. கெழக்கால வெறும் மண்ணு. பாக்க நல்லாவா இருக்குது?" என்றாள் ஜெயம்மாள். அவள் இருந்த வரைக்கும் எங்கள் ஊரில் கோணல் கோலம் கிடையாது.

தாமலைத் தாண்டிய சின்ன ஊர் எங்களுடையது. அன்று பதினோரு மணிக்குக் காஞ்சிபுரத்திலிருந்து அதிகாரி வருவதாக இருந்தது. ஊரில் என்ன வளம் இருக்கிறது, என்ன இல்லை என்று பெண்களே கோலப்பொடியால் தரையில் வரைந்து காட்ட வேண்டும். அதைப் பார்த்துத்தான் எந்த ஊருக்குத் தையல்கூடம் என்று முடிவு செய்வார்கள். மகளிர் குழுத் தலைவி ஏஞ்சலும் இன்னும் பதினோரு பேரும் சின்ன காஞ்சிபுரத்துக் கடைகளுக்கு ரவிக்கை தைக்கத் தினமும் இரண்டு பஸ் மாறினார்கள். கூடம் வந்தால் ஊரிலேயே உட்கார்ந்து தைக்கலாம்.

"அந்த ஏரிய அழிச்சிடுக்கா. இருக்கிறத மட்டும் போடு."

ஜெயம்மாள் துடைப்பத்தால் இழுத்தாள். நீலம் போகவில்லை, வயல் முழுக்கப் பரவியது.

"இப்ப வெள்ளம் வந்த ஊராட்டம் இருக்குது," என்றாள் குழுவில் இளையவளான சந்தியா. அதை மறைக்கப் பச்சைப்பொடி தூவித் தோப்பாக்கினாள். கிழக்கே தோப்பு வந்ததும் மேற்கே மொட்டையாகத் தெரிந்தது. ஜெயம்மாள் அங்கேயும் ஒரு தோப்பு வளர்த்தாள்.

"நம்ம ஊர்ல தோப்பே கிடையாதேக்கா."

"இப்ப ரெண்டு இருக்குது. சந்தோசப்படு."

ஏஞ்சல் அவளை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டுப் பொடியைச் சந்தியாவிடம் கொடுத்தாள். சந்தியா போட்ட பள்ளிக்கூடம் சரியான இடத்தில்தான் இருந்தது. எதிரே இன்னொன்றைப் போட்டது யார் என்று மட்டும் யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. எல்லாம் பழகிய கைகள். பத்தரை மணிக்கு ஊரில் இரண்டு ரேஷன் கடை, இரண்டு மாதா கோயில், இரண்டு தண்ணீர்த் தொட்டி.

"இத்தினி வசதி வச்சிக்கினு இருந்தா நமக்கு எவன் கூடம் குடுப்பான்?"

ஏஞ்சல் தானே குனிந்து, இல்லாததையெல்லாம் கூட்டித் தள்ளினாள். இப்போது ஊர் ஊராக இருந்தது. பஞ்சாயத்து ஆபீஸுக்கு எதிரே, அவர்கள் கூடம் கேட்டிருந்த மனை, காலியாகக் கிடந்தது. ஏஞ்சல் அதைப் பார்த்தாள். நாலடி தள்ளி நின்றும் பார்த்தாள்.

ஜீப் வந்து நின்றபோது, அங்கே ஒரு கட்டடத்தை எழுப்பி முடித்து, கதவுக்கு மஞ்சள் போட்டுக்கொண்டிருந்தாள்.

புதிதாக மாற்றலாகி வந்திருந்த அதிகாரி மெதுவாகச் சுற்றிவந்தார். "எல்லாம் தெளிவா இருக்கு. இது என்னம்மா கட்டடம்?"

மற்ற பதினோரு பேரும் ஏஞ்சலின் மஞ்சள் விரல்களைப் பார்த்தார்கள், ஏஞ்சலும் பார்த்துக்கொண்டாள்.

"இல்லாத கட்டடம் மேடம். அந்தப் பக்கம் காலியா இருந்துச்சி, கை கேக்கல. அங்கதான் எங்களுக்குக் கூடம் வேணும். தோ, அழிச்சிடறேன்."

துடைப்பத்தை எடுத்தாள். அதிகாரிக்குப் பின்னால் ஃபைலைப் புரட்டிக்கொண்டிருந்த கிளார்க் சிட்டிபாபு ஓரடி முன்னால் வந்தார்.

"அழிக்க வேணாம்னு சொல்லுங்க மேடம். நம்ம ஃபைல்ல அந்தத் தையல்கூடத்த போன மார்ச்சுலயே தொறந்தாச்சி."