பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு அடிப் பொய்

கல்யாணமாகி இருபத்து நான்கு வருஷத்தில் சித்ராதேவியிடம் நான் எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறேன். எல்லாம் தரைமட்டத்துப் பொய்கள். பேக்கரியில் வெறும் டீதான் குடித்தேன், வண்டி பஞ்சர், போனில் சார்ஜ் இல்லை என்கிற மாதிரி. உயரமான பொய் என்று பார்த்தால் ஒன்றே ஒன்றுதான். அதன் உயரம் பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு அடி.

என் பெயர் சிவசுப்பிரமணியம். வீரபாண்டியில் காஜா பட்டன் யூனிட் வைத்திருக்கிறேன். பெரிய கம்பெனிக்காரர்கள் காலர் வைத்த பனியன்களைத் தைத்து அனுப்புவார்கள். நாங்கள் பட்டனுக்கு ஓட்டை போட்டு, பட்டனும் வைத்துத் திருப்பி அனுப்புவோம். யூனிட்டுக்கு முதலாளி நான். செக்கிங் டேபிளுக்கு முதலாளி சித்ராதேவி. அவள் கண்ணுக்குத் தப்பி ஒரு நூல் பிசிறு வெளியே போனதில்லை. அப்பேர்ப்பட்டவளிடம் நான் ஒரு மலையை மறைக்கப் பார்த்தேன்.

ஆரம்பித்து வைத்தவன் தரணீதரன். அட்டைப்பெட்டி கம்பெனி வைத்திருக்கிறான், என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன். அவனும் நானும் பாண்டித்துரையும் தினமும் காலையில் நடப்போம். பாண்டித்துரைக்கு உசிலம்பட்டிப் பக்கம். இங்கே ஒரு கம்பெனியில் புரொடக்‌ஷன் மேனேஜர். நாங்கள் நடப்பது மூன்று கிலோமீட்டர், அதற்குப் பிறகு உட்கார்ந்து பேசுவது முக்கால் மணி நேரம். ஒருநாள் தரணீதரன் போனில் வீடியோ ஒன்றைக் காட்டினான். உத்தரகண்டில் கேதார்காந்தா என்று ஒரு சிகரம். எங்கே பார்த்தாலும் பனி. உச்சியில் நாலு பேர் கையை விரித்துக்கொண்டு நிற்கிறார்கள். ஐம்பது வயசு முடிவதற்குள் நாமும் அங்கே நிற்க வேண்டும் என்றான். ஊரே பனியன் ஏற்றுமதி செய்கிறது, நாம் ஏறாமல் இருந்தால் எப்படி என்று நானும் சொல்லிவிட்டேன். டிசம்பரில் போவது என்று முடிவாயிற்று.

அன்று ராத்திரி சாப்பிடும்போது சித்ராதேவியிடம் சொன்னேன். வேண்டாம் என்பாள், சண்டை போடலாம், ஜெயித்துவிட்டுப் போகலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். அவள் வீடியோவை இரண்டு தடவை பார்த்தாள். கரண்டியைக் கீழே வைத்தாள்.

"ஏனுங்க, நானும் வரட்டுங்களா?" என்றாள்.

இதை நான் எதிர்பார்க்கவே இல்லை. கல்யாணம் ஆன புதிதில் குலு மணாலி கூட்டிப்போய்ப் பனியைக் காட்டுகிறேன் என்று வாக்குக் கொடுத்து, ஊட்டிக்குக் கூட்டிப்போய்ப் புல்மேல் இருந்த உறைபனியைக் காட்டிக் கூட்டிவந்தவன் நான். அதற்குப் பிறகு யாழினி பிறந்தாள், மெஷின் வாங்கினோம், வீடு கட்டினோம். பனியைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசியதில்லை. மறந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நியாயமாக நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் மூன்று ஆம்பிளைகள், ஒரு கூடாரம், கேட்க ஆளில்லை என்கிற படம் மனசுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் படத்தில் சித்ராதேவி வந்தால் கூடவே பிரஷர் மாத்திரையும் வரும். எனக்கு மூன்று வருஷமாக ரத்தக் கொதிப்பு. தினமும் காலையில் மாத்திரையைக் கையில் கொடுத்து, விழுங்கும்வரை எதிரே நிற்பாள். அதனால் இன்னும் எதுவும் முடிவாகவில்லை, பார்க்கலாம் என்றேன். ஒரு வாரம் கழித்து, தரணீதரனுக்கு மூட்டுவலி, பயணம் ரத்து என்றேன். அவள் சரிங்க என்று எழுந்து போய்விட்டாள். இன்னும் பத்து நாள் கழித்து, டிசம்பரில் லூதியானாவில் மெஷின் கண்காட்சி நடக்கிறது, பாண்டித்துரையும் தரணீதரனும் வருகிறார்கள், போய்விட்டு வருகிறேன் என்றேன். மூட்டுவலிக்காரன் லூதியானாவுக்கு எப்படி வருவான் என்று அவள் கேட்கவில்லை. கேட்காதபோதே நான் யோசித்திருக்க வேண்டும்.

பயிற்சிக்குச் சென்னிமலைப் படி ஏறினேன். வாரா வாரம் செவ்வாய்க்கிழமை முருகனுக்கு வேண்டுதல் என்று சொல்லி வைத்திருந்தேன். சாமி காரியமாயிற்றே என்று அவளும் கூடவே வந்தாள். ஆயிரத்து முந்நூற்றுச் சொச்சம் படி. நான் கடைசிப் படியில் கால் வைக்கும்போது அவள் சாமி கும்பிட்டு, திருநீறு மடித்து, பொங்கல் பிரசாதத்தில் பாதியை உண்டு முடித்திருப்பாள். மீதியை எனக்காக வைத்திருப்பாள். மூச்சு வாங்கிக்கொண்டே அதை நான் சாப்பிடுவேன்.

மலைக்குக் கூட்டிப்போகும் கம்பெனி டாக்டர் சான்றிதழ் கேட்டது. மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று டாக்டர் கேட்டார். இல்லை என்றேன். அன்று காலை சாப்பிட்ட மாத்திரையின் புண்ணியத்தில் அளவும் ஒழுங்காக இருந்தது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். நண்பர்களிடமும் பிரஷர் விஷயத்தைச் சொல்லவில்லை.

கிளம்புகிற அன்று பெட்டியை அவள்தான் அடுக்கினாள். லூதியானாவில் குளிரும் என்று இரண்டு ஸ்வெட்டர், கம்பளிச் சாக்ஸ், குல்லாய், வேஸலின், ஓமம் போட்ட முறுக்கு. மேலாக மாத்திரை அட்டை. கண்காட்சிக்கு இத்தனை கம்பளிச் சாக்ஸ் எதற்கு என்று நான்தான் கேட்டிருக்க வேண்டும்.

டேராடூனில் இறங்கி, அங்கிருந்து பத்து மணி நேரம் வேனில் போனால் சாங்க்ரி என்று ஒரு மலைக் கிராமம். நடை அங்கேதான் தொடங்குகிறது. எங்களை அழைத்துப்போன வழிகாட்டியின் பெயர் நேகி. முப்பது வயசிருக்கும், சிரித்த முகம். எல்லோரையும் விட என்னிடம் கூடுதல் மரியாதையாக நடந்துகொண்டான். எனக்குத் தனியாக வெந்நீர் கொடுத்தான், என் பையைக் கோவேறு கழுதைமேல் ஏற்றினான், என்னைத் தனக்கு அடுத்தபடியாகவே நடக்க வைத்தான். என் தோற்றத்தில் ஏதோ இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்று நாள் நடந்தோம். தேவதாரு மரங்கள் வெள்ளையாக நின்றன. முழங்கால்வரை பனி. கையில் அள்ளினால் உலர்ந்த மாவு மாதிரி உதிர்ந்தது. முதல்முறை அள்ளியபோது பக்கத்தில் திரும்பி, பாரு புள்ள என்று சொல்ல வாய் திறந்துவிட்டேன். பக்கத்தில் தரணீதரன் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தான்.

மாத்திரையை முதல்நாள் யாருக்கும் தெரியாமல் விழுங்கினேன். கூடாரத்தில் மூன்று பேர் ஒட்டிக்கொண்டு படுத்திருந்தோம், அட்டையைப் பிரித்தால் சத்தம் கேட்கும். இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் விட்டுவிட்டேன். ஒன்றும் ஆகவில்லையே என்று எனக்கே என்மேல் ஒரு மரியாதை வந்தது. லேசான தலைவலி இருந்தது. குளிர் என்று நினைத்தேன்.

மூன்றாம் நாள் சாயங்காலம் கடைசி முகாமுக்கு வந்து சேர்ந்தோம். மறுநாள் விடிவதற்கு முன்பே உச்சிக்குப் புறப்பட வேண்டும். நேகி ஒவ்வொருவர் கையிலும் பட்டையைச் சுற்றிப் பிரஷர் பார்த்தான். தரணீதரன் பாஸ். பாண்டித்துரை பாஸ். என் கையில் சுற்றியவன் இரண்டாம் முறை பார்த்தான். பத்து நிமிஷம் உட்காரவைத்து மூன்றாம் முறை பார்த்தான். நூற்று எண்பதுக்கு நூற்றுப் பத்து.

பிறகு அவன் இந்தியில் ஏதோ சொன்னான். எனக்கு இந்தியில் தெரிந்தது 'ஜல்தி' ஒன்றுதான், யூனிட்டில் அது போதும். பாண்டித்துரைக்கு நன்றாகத் தெரியும். அவன் கேட்டுவிட்டு என்னை ஒருமாதிரிப் பார்த்தான்.

"அண்ணே, மாத்திரை எங்கன்னு கேக்குறாரு."

எந்த மாத்திரை என்றேன்.

"நீங்க ஒளிச்சு வப்பீங்கன்னு வீட்டம்மா மொதல்லயே போன்ல சொல்லிட்டாகளாம்."

வெளியே மைனஸ் எட்டு டிகிரி. எனக்கு வியர்த்தது.

பாண்டித்துரையே மெதுவாக விளக்கினான். மூன்று பேருக்கும் ஆன்லைனில் படிவம் நிரப்பியவன் அவன்தான். அவசரத்துக்கு யாரைக் கூப்பிட வேண்டும் என்ற இடத்தில் வீட்டம்மா நம்பரைத்தானே போட முடியும், போட்டேன் என்றான். கம்பெனிக்காரர்கள் புக்கிங் உறுதி ஆனது முதல் சாங்க்ரி வந்து சேர்ந்ததுவரை எல்லாத் தகவலையும் அந்த நம்பருக்கு அனுப்பியிருக்கிறார்கள். நான் லூதியானா என்று வாய் திறப்பதற்கு முன்பே அவளுக்குத் தெரிந்திருக்கிறது. செக்கிங் டேபிளில் வடநாட்டுப் பெண்களோடு வேலை பார்த்து அவள் இந்தியும் கற்றுவைத்திருந்தாள். நாங்கள் சாங்க்ரியில் இறங்குவதற்கு முதல்நாள் நேகியோடு அரை மணி நேரம் பேசியிருக்கிறாள்.

நேகி இன்னொன்றும் சொன்னான். பாண்டித்துரை அதைத் தமிழில் சொல்லச் சங்கடப்பட்டான். அளவு கூடினால் கடைசி முகாமுக்கு மேலே விட வேண்டாம் என்று சொல்லிவிட்டு, "அதுவரைக்கும் அவர்கிட்ட ஒண்ணும் சொல்லிராதீங்க, பாவம், ஆசையா வந்திருக்காரு" என்றும் சொன்னாளாம்.

நான் மாத்திரையை எடுத்து எல்லோர் முன்னாலும் விழுங்கினேன். நேகி விழுங்கும்வரை எதிரே நின்றான்.

இருட்டோடு அவர்கள் புறப்பட்டுப் போனார்கள். நான் சமையல்காரரோடு உட்கார்ந்து உருளைக்கிழங்கு உரித்தேன். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு இந்தி தெரியாது. அதனால் சண்டை இல்லை. விடிந்தபோது உச்சிமேல் வெயில் பட்டு மஞ்சளாக மாறியது. அங்கே எறும்பு மாதிரி நாலைந்து புள்ளிகள் நகர்ந்தன. அதில் ஒன்றாக நான் இல்லையே என்று வருத்தப்படத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அந்த வருத்தம் வரவில்லை. கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, நானும் வரட்டுங்களா என்று கேட்ட முகம்தான் வந்தது. சமையல்காரர் என் கையிலிருந்து கத்தியை வாங்கிக்கொண்டு டீயைக் கொடுத்தார்.

திரும்பி வரும்போது நேகி என் கையைப் பிடித்தே கூட்டிவந்தான். ஏற்றுமதிக்குப் பேர்போன ஊர்க்காரனை இப்படியாக இறக்குமதி செய்தார்கள்.

வழியெல்லாம் மன்னிப்பை மனப்பாடம் செய்தேன். வீட்டுக்குள் நுழைந்தபோது சித்ராதேவி வெந்நீர் போட்டு வைத்திருந்தாள். குளித்துவிட்டு வந்தேன். சோறு போட்டாள்.

"கண்காட்சி எப்புடிங்க இருந்துச்சு?" என்றாள்.

"சித்ரா, நான் லூதியானாவுக்குப் போகலை."

"தெரியுமுங்க. ரசம் ஊத்தட்டுங்களா?"

தெரிந்தும் ஏன் அப்போதே கேட்கவில்லை என்றேன். அவள் ரசத்தை ஊற்றிவிட்டுத்தான் பதில் சொன்னாள்.

"கேட்டிருந்தா, ஒண்ணு நீங்க போகாம இருந்திருப்பீங்க. இல்லாட்டி மூஞ்சியத் தூக்கி வெச்சுட்டு என்னையும் கூட்டிட்டுப் போயிருப்பீங்க. ரெண்டுமே எனக்கு வேண்டாமுங்க."

மனப்பாடம் செய்ததை விட்டுவிட்டேன். அடுத்த வருஷம் நாம் இரண்டு பேரும் மட்டும் போகலாம், இது சத்தியம் என்றேன். ஊட்டிக்கு முன்னால் பேசிய அதே குரலில் பேசுகிறேன் என்பது எனக்கே கேட்டது.

அடுத்த வருஷம் எதற்கு, அடுத்த மாசம் பத்தாம் தேதிக்குப் பதிவு பண்ணியாயிற்று என்றாள் அவள். பாண்டித்துரையின் மனைவி சீனியம்மாளும் வருகிறாளாம். யாழினிக்கும் தெரியுமாம், பூட்ஸ் வாங்கி அனுப்பியதே அவள்தானாம். எனக்கும் ஒரு இடம் போடலாமே என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"நான் கேட்டுப் பாத்தனுங்க," என்றாள், உண்மையான வருத்தத்தோடு. "அந்த நேகித் தம்பிதான், அவரு வேண்டவே வேண்டாமுன்னுட்டாரு."

அவள் போனாள். ஏழெட்டு நாள் செக்கிங் டேபிளில் நான் உட்கார்ந்தேன். நான் பார்த்து அனுப்பியதில் நூற்று இருபது பீஸ் திரும்பி வந்தது. காலையில் மாத்திரையை நானே எடுத்து, நானே கண்ணாடியில் எதிரே நின்று விழுங்கினேன். ஐந்தாம் நாள் மத்தியானம் என் போனுக்கு மலைக் கம்பெனியிலிருந்து செய்தி வந்தது. சித்ராதேவி உச்சியைத் தொட்டுவிட்டாள். அவர்கள் குழுவில் முதல் ஆளாக. யூனிட்டில் எல்லோருக்கும் லட்டு வாங்கிக் கொடுத்தேன். எதற்கு என்று கேட்டவர்களிடம் சொல்லத் தொடங்கி, பாதியில் பட்டன் டப்பாவைத் தேடுவது போல் குனிந்துகொண்டேன்.

திரும்பி வந்தவளுக்கு முகம் கறுத்து மூக்கு உரிந்திருந்தது. அதோடு பத்து வயசும் உரிந்து போயிருந்தது. சோறு வடிக்கும்போது தானாகச் சிரித்தாள். சீனியம்மாளோடு போனில் மணிக்கணக்காகப் பேசினாள், நான் போனால் குரல் தணிந்தது. அந்த உச்சியில் என்ன இருந்தது, பனி எப்படி இருந்தது, என்னை நினைத்தாளா, ஒன்றும் சொல்லவில்லை. நாலு நாள் பொறுத்தேன். ஐந்தாம் நாள் காலையில் மாத்திரையும் தண்ணீரும் கொண்டுவந்தாள். அவள் கையைப் பிடித்து உட்காரவைத்து, மேலே எப்படித்தான் இருந்தது, எனக்கு மட்டுமாவது சொல் என்று கெஞ்சினேன்.

அவள் ஜன்னல் பக்கம் பார்த்தாள். அப்புறம் என் கையில் மாத்திரையை வைத்தாள்.

"வேண்டாமுங்க. சொன்னா உங்களுக்குப் பிரஷர் ஏறிக்கும்."